இடப்பக்கத் தட்டுகள்

நான்காம் பையின் பதினேழாவது பூச்சியில்தான் அது கண்ணில் பட்டது. காலை பத்தரை மணி. முட்டை வடிவத்தில் மூன்று புள்ளிகள், பளபளவென்று, நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தன. சின்னவள் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தாள், சட்டைக் கையால் இமையைத் துடைத்தாள், மறுபடி குனிந்தாள். மூன்றும் போகவில்லை. சனியன்கள், போகிற உத்தேசமே இருப்பதாகத் தெரியவில்லை.

அது பட்டுப்புழு முட்டை நிலையம். கூட்டைத் துளைத்து வெளியே வரும் பூச்சிகள் இணை சேரும். தாய்ப்பூச்சி ஒரு தாளில் நானூறு முட்டை இட்டு முடிக்கும். அதோடு அதன் கதை முடிந்தது. பிறகு அந்தத் தாயைச் சின்ன உரலில் போட்டு நசுக்கி, ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் தடவி, உள்ளே பெப்ரின் என்கிற நோயின் கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தாய்க்கு இருந்தால் முட்டைக்கும் இருக்கும். முட்டைக்கு இருந்தால் அதை நம்பி வாங்கிப் போகிறவர் வீட்டில் புழுக்கள் மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் கறுப்புப் புள்ளி போட்டு, தின்னாமல் சுருங்கி, தட்டுத் தட்டாகச் செத்து விழும். பதினோரு வருஷமாகச் சின்னவள் இதைப் பார்த்துச் சொல்கிறாள். அவள் "இல்லை" என்றால் இல்லை. நிலையத்தில் அவளுக்குக் கழுகு என்றுதான் பெயர்.

அந்தக் கழுகுதான் இப்போது கண்டதைத் தாளில் எழுதாமல் உட்கார்ந்திருந்தது. காரணம், அந்தப் பைகள் யாருடையவை என்று அவளுக்குத் தெரியும்.

தெரியக் கூடாது. பைகள் எண்ணோடுதான் மேசைக்கு வரும், ஆளின் பெயரோடு வராது. ஆனால் அக்கா பை கட்டுகிற கட்டை இந்த உலகத்தில் வேறு யாரும் கட்ட மாட்டார்கள். இரண்டு முடிச்சு, அதன்மேல் ஒரு சுருக்கு, சுருக்கின் நுனியை உள்ளே திருப்பிச் செருகுவாள். சின்ன வயதில் பள்ளிக்கூடப் பையிலிருந்து கல்யாணப் பெட்டி வரை இப்படிக் கட்டி எல்லோர் உயிரையும் வாங்கியவள். போன வாரம் கூடுகள் அடைத்த பன்னிரண்டு பைகளும் வந்து இறங்கியபோதே சின்னவள் முடிச்சைப் பார்த்தாள். "மேடம், இது எங்க அக்கா வளர்த்தது, வேற மேசைக்குக் கொடுங்க" என்று கையைத் தூக்கியிருக்க வேண்டும். தூக்கவில்லை. அக்காவின் கூடு முதல் தடவையாக விதைக்கு வந்திருக்கிறது, அதைத் தானே பார்த்துத் தானே "சுத்தம்" என்று எழுத வேண்டும் என்று ஒரு சின்ன ஆசை. ஆசை எவ்வளவு தூரம் ஆளை இழுத்துக்கொண்டு போகும் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

விதைக்குக் கூடு வளர்ப்பது என்றால் சும்மா இல்லை. துணிக்குப் போகிற கூட்டை யார் வேண்டுமானாலும் வளர்க்கலாம். முட்டை எடுக்கிற விதைக்கூடு வளர்க்க நிலையத்தின் பட்டியலில் பெயர் ஏற வேண்டும். அக்கா மூன்று வருஷம் அலைந்தாள். வந்து பார்த்தவர்கள் சுவரில் விரிசல் என்றார்கள், பூசினாள். சன்னலுக்கு வலை இல்லை என்றார்கள், அடித்தாள். வாசலில் கால் நனைக்கத் தொட்டி இல்லை என்றார்கள், கட்டினாள். கடைசியில் இந்த வருஷம்தான் பெயர் ஏறியது. அன்றைக்கு அக்கா போனில் பேசவே இல்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள்.

சரி, அந்தப் புள்ளிகள் கொழுப்புத் துளியாக இருக்கும் என்று சின்னவள் நினைத்தாள். பூச்சியின் உடம்பில் கொழுப்புக்கா பஞ்சம்? காரநீர் ஒரு சொட்டு விட்டால் கொழுப்பு கரைந்து போகும். விட்டாள். கரையவில்லை. அப்படியானால் பூஞ்சை. பூஞ்சை வித்து இவ்வளவு பளபளக்காது, இப்படி நடுங்கவும் செய்யாது. அதே உரலிலிருந்து இன்னொரு கண்ணாடி தடவினாள். ஒன்றும் இல்லை. "அப்பாடா" என்று வாய்விட்டே சொன்னாள். மூன்றாவது தடவினாள். இரண்டு இருந்தன.

இருக்கிறதா இல்லையா? ஒரே பூச்சி, ஒரே உரல், ஒரே சொட்டு. ஒன்றில் மூன்று, ஒன்றில் பூஜ்யம், ஒன்றில் இரண்டு. அவளுக்கு மண்டை காய்ந்தது. எதிர் மேசைக்காரரைக் கூப்பிட்டாள். அவருக்கு நிலையத்தில் சந்தேகம் சார் என்று பெயர். கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்லச் சொன்னால்கூட "பன்னெண்டா இருக்கலாம்" என்பார்.

அவர் வந்து, குனிந்து, ஒரு கண்ணால் பார்த்து, மறு கண்ணாலும் பார்த்தார்.

"இருக்கு" என்றார்.

சின்னவள் எழுதப் பேனாவை எடுத்தாள்.

"ஆனா இல்லைன்னும் சொல்லலாம்" என்றார்.

"ஐயோ சார், ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க!"

"உரலைச் சரியா கழுவினாங்களா? போன தடவை நோய்னு எரிச்ச பூச்சிக் கூட்டத்தோட மிச்சம் ஒட்டிட்டு இருந்தா?"

அது நியாயமான கேள்வி. அவர் வாயிலிருந்து வந்த ஒரே நியாயமான கேள்வி என்றும் சொல்லலாம். சின்னவள் எல்லா உரலையும் தானே கழுவினாள், பூச்சி போடாமல் வெறும் தண்ணீரை அரைத்துப் பார்த்தாள். சுத்தம். கண்ணாடிகளைக் கொதிக்க வைத்தாள். பிறகு ஒன்றாம் பையிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். மதியம் சாப்பிடவில்லை. சாயங்காலம் நான்கு மணிக்கு அவள் முன்னால் இருந்த தாளில், முதல் ஆறு பைகளில் ஒன்பது நோய்ப் பூச்சிகள் மாட்டியிருந்தன. ஏழிலிருந்து பன்னிரண்டு வரை ஒன்றுகூட இல்லை.

இது அவளை இன்னும் குழப்பியது. வந்தால் எல்லாப் பையிலும் வர வேண்டும், வராவிட்டால் எதிலும் வரக் கூடாது. கோடு கிழித்தாற்போல் பாதியில் நிற்க அது என்ன படித்துவிட்டா வந்திருக்கிறது?

மேடத்திடம் போனாள். நிலையத்தின் தலைவி அவர். குரலை உயர்த்த மாட்டார், அதுதான் பயம்.

"ஒன்பது" என்றாள் சின்னவள். "அப்புறம் மேடம்... அது எங்க அக்கா வளர்த்தது."

மேடம் பேனாவை மூடினார். "எப்போ தெரியும்?"

"பை வந்த அன்னைக்கே."

"பதினோரு வருஷம் இருந்துட்டு இப்படிப் பண்றியே. உன்னை என்ன செய்ய?" மூடிய பேனாவை மேசையில் வைத்தார். "மூணு பூச்சிக்கு மேல போனா மொத்தமும் எரிக்கணும், அது உனக்கே தெரியும். நாளை மறுநாள் அறிக்கை போகணும். எங்கிருந்து வந்துச்சுன்னு அதுல எழுதணும். வெளியிலிருந்து வந்ததுன்னு காட்ட முடிஞ்சா உங்க அக்கா பட்டியல்ல இருப்பாங்க. காட்ட முடியலைன்னா வளர்த்தவங்க தப்புதான். பேர் போயிடும், திரும்ப ஏறாது."

"நான் கண்டுபிடிக்கிறேன் மேடம்."

"கண்டுபிடி. ஆனா ஆசைப்பட்டதைக் கண்டுபிடிக்காதே."

சின்னவள் அக்காவுக்குப் போன் போட்டாள். சொன்னாள். அக்கா இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு வெடித்தது.

"எப்படிடி பாப்பா? எப்படி?" முப்பத்தெட்டு வயதாகியும் அக்காவுக்கு அவள் பாப்பாதான். "தரையைப் பிளீச்சிங் போட்டுத் தேய்ச்சேன். தட்டெல்லாம் வெயில்ல காய வெச்சேன். இலை எங்க தோட்டத்து இலை, ஒரு கட்டு வெளியில வாங்கலை. பெத்த பிள்ளையையே உள்ள விடலை. நான் எங்க தப்பு பண்ணேன்? நீ சொல்லு, நீ தெரிஞ்சவ!"

"தெரியலை அக்கா."

"உனக்கே தெரியலைன்னா?"

சின்னவள் "இடப் பக்கம் வலப் பக்கம்னு ஏதாவது வித்தியாசம் இருந்துச்சா?" என்று கேட்டாள். முதல் ஆறு பையும் இடப்பக்க அடுக்கு, மற்றது வலப்பக்க அடுக்கு என்றாள் அக்கா. கூடுகளைக்கூடக் கலக்காமல் தனித்தனியாகத்தான் பையில் போட்டாளாம். அறை ஒன்று, இலை ஒன்று, முட்டை ஒன்று. "ஒரு வித்தியாசமும் இல்லை" என்று சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்: தரை, தட்டு, வெயில், இலை. பேச்சின் நடுவில் அத்தானைத் திட்டுவதும் கேட்டது. நீங்கதான் செருப்போட வந்திருப்பீங்க, நீங்கதான் கண்ட இடத்துக்கும் போவீங்க.

முட்டையில் இருந்திருக்குமோ? அக்காவுக்கு முட்டை கொடுத்தது இதே நிலையம்தான். பதிவேட்டைப் புரட்டினாள். "சுத்தம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பது யார் என்று பார்த்தால், அவளே. அதே முட்டை வாங்கிய வேறு மூன்று வீடுகளுக்குப் போன் போட்டாள். எல்லார் வீட்டிலும் அமோகமாக விளைந்திருந்தது. ஒருவர் "ஏன் கேக்குறீங்க?" என்று பயந்துபோனார். சும்மாதான் என்றாள். முட்டை இல்லை, இலை இல்லை, உரல் இல்லை. அப்புறம் எதுதான்? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது.

மறுநாள் காலை அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அதுவரை பூச்சியை முழுசாக நசுக்கித்தான் பார்த்தார்கள். நசுக்கினால் இருக்கிறது என்று தெரியும், எங்கே இருக்கிறது என்று தெரியாது. இடப்பக்கத்துப் பைகளில், முட்டையிட்டு முடித்தும் இன்னும் நசுக்காத பூச்சிகள் இருபது மிச்சம் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக அறுத்து, குடலைத் தனியே, தசையைத் தனியே, கொழுப்பைத் தனியே, சினைக்குழாயைத் தனியே எடுத்துத் தடவ ஆரம்பித்தாள். ஊசியும் சின்னக் கத்தியும் வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

அந்த ஒற்றைச் செல் பிராணி பயணம் போகிற விதத்தைக் கேட்டால் யாருக்கும் தலை சுற்றும். அதற்குக் கால் கிடையாது, வால் கிடையாது, நீந்தத் தெரியாது. தூசியோடு தூசியாக இலையில் கிடக்கும். புழு இலையைத் தின்னும்போது சேர்ந்து உள்ளே போகும். குடலுக்குள் போனதும், உடம்புக்குள் சுருட்டி வைத்திருக்கும் ஒரு நூலைச் சடாரென்று வெளியே எறியும். நூல் குடல் சுவரில் குத்தும். நூல் என்றா சொன்னேன், குழாய். அந்தக் குழாய் வழியாகத் தன்னையே வார்த்து, புழுவின் செல்லுக்குள் இறங்கிவிடும். வெளியே வெறும் தோல் மட்டும் மிஞ்சும். பிறகு உள்ளேயே உட்கார்ந்து தின்று, இரண்டாகி, நான்காகி, செல் நிறைந்து வெடிக்கிற அளவு ஆனதும் பக்கத்துச் செல். குடலிலிருந்து தசை, தசையிலிருந்து கொழுப்பு, கடைசியாகச் சினை. சினைக்குள் போய்விட்டால் அதற்குக் கவலை இல்லை. தாய் செத்தாலும் பிள்ளையோடு போய்ச் சேரும்.

ஆக, எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்த்தால் எப்போது ஏறியது என்று ஒரு மாதிரி சொல்லலாம். பொரிக்கும்போதே இருந்திருந்தால் புழு கூடு கட்டும் வரை பிழைத்திருக்காது. சின்னப் பருவத்தில் தின்றிருந்தால் பாதி செத்து, மீதி நோஞ்சானாக இருந்திருக்கும். அக்காவின் கூடுகளோ கல் மாதிரி இருந்தன. கடைசிப் பருவத்தில், நாலாவது தோலை உரித்த பிறகு தின்ற புழுதான் ஒன்றும் நடக்காததுபோலக் கூடு கட்டி, பூச்சியாகி, நோயைப் பிள்ளைக்குக் கொடுக்கும்.

சின்னவளுக்கு இன்னும் மூன்று பூச்சி மாட்டியது. மூன்றிலும் குடல் சுவரில் கூட்டம் கூட்டமாக. தசையில் ஆங்காங்கே. கொழுப்பில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. சினைக்குழாயில் ஒன்றில் மட்டும், அதுவும் சந்தேகம் சார் பார்த்து "இருக்கலாம்" என்கிற அளவுக்கு. அப்படியானால் கடைசிப் பருவம், அதிலும் நடுவில். ஏறக்குறைய இருபது நாளுக்கு முன்னால், யாரோ இடப்பக்கத் தட்டுகளுக்கு மட்டும் அதைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள்.

யார்?

பதினொன்றரைக்கு அக்காவின் போன் வந்தது. குரல் வேறாக இருந்தது.

"அவர்தான்டி. ஒத்துக்கிட்டார்."

"என்ன ஒத்துக்கிட்டாரு?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம் அவரோட சிநேகிதன் வீட்டுக்குப் போயிருக்கார். அங்க புழு செத்துட்டு இருந்துச்சாம். அப்படியே குளிக்காம வந்து நம்ம அறைக்குள்ள நுழைஞ்சிருக்கார். நேத்துலேர்ந்து கேக்குறேன், இப்பத்தான் வாயைத் திறக்குறார். இந்த மனுஷனோட நான் இனி எப்படிப் பேசுவேன்?"

சின்னவளுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. இரண்டு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல்லை யாரோ தூக்கி எறிந்தாற்போல் இருந்தது. விடை கிடைத்துவிட்டது, கணக்கு முடிந்தது. அடுத்த நொடி, அத்தான் தப்பு என்றால் வளர்த்தவர்கள் தப்பு, அக்காவின் பெயர் போய்விடும் என்பதும் உறைத்தது. அதற்கடுத்த நொடி இன்னொன்று இடித்தது.

"அக்கா, அத்தான் எந்தப் பக்கத்துக்கு இலை போடுவார்?"

"வலப்பக்கம். எப்பவும் வலப்பக்கம்தான். அவர் கூடை தனி, என் கூடை தனி. நான் இடப்பக்கம். ஒருத்தர் பக்கம் இன்னொருத்தர் போகவே மாட்டோம், அப்படித்தானே சொல்லிக் கொடுத்திருக்காங்க."

"அப்போ வலப்பக்கத்துலதானே வரணும்? அங்க ஒண்ணுகூட இல்லையே."

"ஆமா. என்னடி இது? எனக்கு ஒண்ணுமே புரியலையே. இடப்பக்கம் நான் மட்டும்தான். நான் எங்கேயும் போகலையே. என் கால்ல வெந்நீர் கொட்டின அன்னைக்குத்தான் நான் போடலை, அன்னைக்கு நீ வந்து..." என்று சொன்னவள் அதைப் பாதியில் விட்டுவிட்டு, "அன்னைக்குக்கூட அவரு போடலை பாரு" என்று மறுபடி அத்தானிடமே போய்விட்டாள்.

சின்னவள் போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அன்றைக்கு மதியம் மூன்று மணி. "அக்கா கால்ல வெந்நீர் கொட்டிருச்சு, நான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன், புழு பசியில இருக்கு, இடப்பக்கம் மட்டும் கொஞ்சம் போட்டுட்டுப் போ" என்று அத்தான் போன் செய்தார். அவள் போட்டது போட்டபடி ஓடினாள். ஓடுவதற்கு முன்னால் என்ன வேலையில் இருந்தாள்? அங்கேதான் இருக்கிறது. அன்றைக்குக் காலையில்தான் வேறொரு வீட்டிலிருந்து வந்த பூச்சிகளுக்குப் பெப்ரின் என்று தீர்மானமாகி, எரிக்கச் சொல்லியிருந்தார்கள். உலைக்கு எடுத்துப்போகிற ஆள் லீவு. அவளும் நிலையத்தில் பூச்சி அரைக்கிற அம்மாவும்தான் பூச்சிப் பெட்டிகளைத் தலையில் வைத்துச் சுமந்து போய்க் கொட்டினார்கள். பூச்சி இறக்கையின் செதில் மாவு மாதிரி பறக்கும், மூக்கில் ஏறும், தலையெல்லாம் அப்பும். அதற்காகத்தான் தலையில் துணி கட்டிக்கொள்வார்கள். அந்த வேலை முடிந்தால் தலைக்குக் குளித்து, உடை மாற்றாமல் நிலையத்தின் வாசலைத் தாண்டக் கூடாது, ஒரு வாரத்துக்கு எந்தப் புழு அறைக்குள்ளும் போகக் கூடாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அந்த விதியைப் படித்துக் காட்டுவதே அவள்தான்.

கையைக் கழுவினாள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அக்கா வீட்டு வாசல் தொட்டியில் காலை நனைத்தாள். அறைக்குள் புழுக்கம். இலையைப் பரப்பியதில் வியர்த்துக் கொட்டியது. தலைத்துணியை அவிழ்த்தாள். முகத்தைத் துடைத்தாள்.

பிறகு உதறினாள். இடப்பக்க அடுக்கின் முன்னால் நின்றுகொண்டு, படீர் படீர் என்று இரண்டு தடவை.

பதினோரு வருஷம் மற்றவர்கள் வீட்டுத் தப்பையெல்லாம் தேடிப் பிடித்த கண் அவளுடையது. சொந்தத் தலையில் இருந்தது அதற்குத் தெரியவில்லை. பாவி, பாவி என்று தன்னையே வாய்விட்டுத் திட்டிக்கொண்டாள். அரைக்கிற அம்மா திரும்பிப் பார்த்தாள்.

அவள் அத்தானுக்குப் போன் செய்தாள். அவர் வயலில் இருந்தார், காற்றுச் சத்தம் கேட்டது.

"அத்தான், ஆத்துக்கு அந்தப் பக்கம் உங்களுக்கு யார் சிநேகிதன்?"

"காத்துல சரியாக் கேக்கலை பாப்பா" என்றார் அவர்.

"நீங்க எங்கேயும் போகலை. ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நீ தலைத்துணியை மறந்து விட்டுட்டுப் போன பாப்பா" என்றார் அவர் மெதுவாக. "அறைக்கு வெளியில கொடியில கிடந்துச்சு. வெள்ளையா மாவு ஒட்டியிருந்துச்சு. நான் துவைச்சு வெச்சேன். அப்போ ஒண்ணும் தோணலை. இப்ப நீ இடப்பக்கம் இடப்பக்கம்னு கேட்டேன்னு உங்க அக்கா சொன்னதும் தோணுச்சு."

"அக்காகிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லி? அவளுக்கு உன்னை விட்டா யாரு இருக்கா? என்கிட்ட பத்து நாள் பேச மாட்டா, அப்புறம் பேசுவா. எனக்குப் பழக்கம்தான். எப்படியும் எரிக்கத்தானே போறாங்க? நீயாவது உன் நாற்காலியில இரு. நான் நாளைக்கு வந்து, நான்தான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடறேன்."

அவர் கையெழுத்துப் போட்டால் அக்காவின் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும் என்பது அவருக்குத் தெரியாது. எரிப்பதோடு முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். சின்னவளுக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. "சரி அத்தான், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

அந்த "சரி" எதற்கு என்று அவளுக்கே விளங்கவில்லை. அவருடைய யோசனைக்குச் சரியா? போனை வைப்பதற்குச் சரியா? மேசையில் மைக்ராஸ்கோப் இருந்தது. கண்வைக்கும் இடத்தில் கறுப்புப் பூச்சு தேய்ந்து பித்தளை தெரிந்தது. தேய்த்தது அவள் புருவம்தான். வேறு என்ன வேலை அவளுக்குத் தெரியும்? சமைக்கக்கூடச் சுமாராகத்தான் வரும். இந்த நாற்காலி போனால் அவள் யார்? அத்தான் தானாக முன்வந்து சுமக்கிறேன் என்கிறார். யாரும் அவளைக் கேட்கவில்லை, யாரும் சந்தேகப்படவும் இல்லை. சந்தேகம் சார்கூடச் சந்தேகப்படவில்லை. ஒரு மணி நேரம் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சொல்லலாம் என்று எழுந்தாள், உட்கார்ந்தாள். வேண்டாம் என்று அடுத்த கண்ணாடியை எடுத்தாள், அதில் என்ன பார்த்தோம் என்று எழுதப் போனால் எதையுமே பார்த்திருக்கவில்லை.

அதுதான் அவளை எழுப்பியது. வெறுமனே குனிந்து நிமிர்ந்திருக்கிறாள், "சுத்தம்" என்று எழுதப் பேனாவையும் எடுத்துவிட்டாள். இன்றைக்கு இது, நாளைக்கு எது? அவள் கண்ணாடியை மறுபடி வைத்து, ஒழுங்காகப் பார்த்து, எழுதி முடித்துவிட்டு மேடத்தின் அறைக்குப் போனாள்.

மேடம் முழுவதையும் கேட்டார். தலைத்துணி, பெட்டி, உதறியது, எல்லாவற்றையும். அத்தானின் சிநேகிதனை மட்டும் அவள் சொல்லவில்லை. இல்லாத ஆளை ஏன் இழுக்க வேண்டும்?

"கையைக் கழுவினியா?" என்று கேட்டார் மேடம்.

"கழுவினேன் மேடம்."

"கையை மட்டும்" என்றார் அவர். திட்டவில்லை. அறிக்கைத் தாளை அவள் பக்கம் தள்ளினார். "நீயே எழுது. உன் எழுத்துல இருக்கட்டும். உங்க அக்கா பேர் அப்படியே இருக்கும். உன் பேர் இங்க இருக்காது, அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது."

எங்கிருந்து வந்தது என்ற இடத்தில் அவள் "நிலையப் பரிசோதகர்" என்று எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். பதினோரு வருஷமாகப் போட்ட அதே கையெழுத்து, இந்தத் தடவை கொஞ்சம் கோணிக்கொண்டது.

நிலையத்திலேயே தலைக்குக் குளித்தாள். உடை மாற்றினாள். இனிமேல் என்ன குளியல் என்று தோன்றியது, ஆனாலும் குளித்தாள். சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனபோது அக்கா வாசலில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கை முழுக்கப் பிளீச்சிங் பவுடர் அரித்துச் சிவந்திருந்தது. அத்தான் தூரத்தில் ஒரு வாளியோடு நின்றார். அந்த வாளியைக்கூட அக்கா அவர் கையிலிருந்து வாங்கவில்லை, தரையில் வைத்த பிறகு எடுத்தாள்.

"வாடி, ஏன் அங்கேயே நிக்கிற? உள்ள வா" என்றாள் அக்கா.

"நான் உள்ள வரக் கூடாது அக்கா. அத்தான் எங்கேயும் போகலை. நான்தான் கொண்டுவந்தேன். உன் கால்ல வெந்நீர் கொட்டின அன்னைக்கு. என் தலையில இருந்துச்சு."

அக்கா கையில் இருந்த தட்டை வைக்கவில்லை. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

"அன்னைக்குக் குளிச்சுட்டு வரலையா?"

"இல்லை."

"நீயே சொல்லுவியேடி. குளிக்காம உள்ள போகக் கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதானே."

"உனக்கு அடிபட்டுச்சுன்னு சொன்னாரு. ஓடி வந்துட்டேன்."

அக்கா அவளைப் பார்த்தாள். பிறகு அத்தானைப் பார்த்தாள். "ரெண்டு நாளா உங்களை என்னென்ன சொன்னேன்" என்றாள் அவரிடம், குரல் உடைந்து. அவர் கையை ஆட்டி விடு விடு என்றார். அவள் விடவில்லை, நின்ற இடத்திலேயே அழுதாள். தங்கையின் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. சின்னவளுக்கு அது அடி வாங்கினதைவிட மோசமாக இருந்தது, ஆனால் அது தனக்கு வேண்டியதுதான் என்றும் இருந்தது.

"உன் பேர் பட்டியல்ல இருக்கும் அக்கா. அடுத்த தடவை முட்டை கொடுப்பாங்க. மேடம் சொல்லிட்டாங்க."

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீ பாத்து சுத்தம்னு எழுதுற முட்டைதானே?"

"நான் இனிமே அங்க இல்லை. என்னை அனுப்பிட்டாங்க."

அக்காவுக்கு அது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. கோபம் முகத்தில் இருந்தபடியே இருந்தது. அதன்மேல் வேறொன்று வந்தது. தட்டைக் கீழே போட்டாள்.

"என்னடி சொல்ற? நீ இல்லாம அங்க யாரு பாக்குறா? அந்தச் சந்தேகம் பிடிச்ச ஆளா? அவரு பாத்துக் கொடுத்த முட்டையை நான் எப்படிடி நம்பி வீட்டுக்குள்ள கொண்டு போவேன்?"

கீழே விழுந்த தட்டை எடுக்கச் சின்னவள் குனிந்தாள், தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள். அவள் வாசலுக்கு வெளியிலேயே நின்றாள்.